மேல்செட்டுக்கு எட்டு, கீழ்செட்டுக்கு நாலு: அக்ரிலிக் முழுப் பல்செட் ஒரு மதிப்பீடு

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை, அந்தப் பக்கம் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் வரை, பல் கிளினிக்கில் வயதானவர்களுக்கு அதிகம் செய்து தரப்படுவது சாதாரண அக்ரிலிக் முழுப் பல்செட்தான். அதற்கு எங்கள் மதிப்பெண்: மேல்செட்டுக்குப் பத்துக்கு எட்டு, கீழ்செட்டுக்கு நாலு. ஒரே லேபிலிருந்து ஒரே டப்பாவில் வரும் இரண்டு துண்டுக்கு இவ்வளவு வித்தியாசம் ஏன்? மேல்செட் அண்ணம் முழுவதையும் மூடுகிறது. நடுவில் எச்சில் மெல்லிய படலமாக நின்று, ஓரத்தில் காற்று புகாமல் இருந்தால், தானாகக் கவ்விக்கொள்ளும். கீழ்செட்டில் நாக்குக்கு இடம் விட வேண்டும். அதனால் அது லாடம் மாதிரி ஒல்லியாகத்தான் வரும். உள்ளேயிருந்து நாக்கு தள்ளும், வெளியேயிருந்து கன்னமும் உதடும் தள்ளும், அடியில் எச்சில் புகுந்து மிதக்கவிடும். போதாததற்கு, பல் போன பிறகு கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிட ஏறக்குறைய 4 மடங்கு கூடுதலாகக் கரைகிறது. முதல் வருஷம் சுமாராக நின்ற கீழ்செட் ஐந்தாவது வருஷம் படகு மாதிரி ஆடுவது இதனால்தான்.

ஆகவே செட் வாங்கும் பேச்சு, ஆடுகிற பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும். பிடுங்கிய பிறகு பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது.

பல் ஆடினால் உடனே எடுத்தாக வேண்டும் என்றில்லை. மருத்துவர் இரண்டு கருவிகளின் பிடிக்கு நடுவே பல்லை அசைத்துப் பார்ப்பார். பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் வரை அசைந்தால் முதல் நிலை, அதற்கு மேல் அசைந்தால் இரண்டாம் நிலை, மேலும் கீழுமாகவும் அமுங்கினால் மூன்றாம் நிலை. மூன்றாம் நிலைப் பல்லுக்கு எடுப்பதுதான் வழி. முதல் இரண்டு நிலைகளில் ஈறு வீங்கி, சீழ் பிடித்து ஆடுகிற பல், பல்லில் படிந்து இறுகிய காரையைச் சுரண்டி எடுத்து ஈறு ஆறினால் ஓரளவு இறுகும். அதற்கு நாலு முதல் ஆறு வாரம் கொடுத்து, மறுபடி அசைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் நாளே எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று சொல்லும் இடத்தில், இரண்டு தாடையும் ஒன்றாகத் தெரியும் பெரிய எக்ஸ்ரே எடுத்து, ஒவ்வொரு பல்லுக்கும் எலும்பு எவ்வளவு மிச்சம் என்று காட்டச் சொல்லுங்கள்.

'க்ளீன் பண்ணினதாலதான் பல் ஆடுது' என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. கல்லாக இறுகிய காரை, ஆடுகிற பற்களை ஒன்றோடொன்று சிமென்ட் போட்டதுபோலப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் உள்ளே ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். மேல்பல் எடுத்தால் கண் மங்கும் என்பதும் இதே வகை. அந்த வயதில் கண்புரையும் வரும், பல்லும் ஆடும். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் இறங்க மறுக்கும். பல் எடுக்கப் போகும்போது மூன்று மாத சராசரி சர்க்கரை ரிப்போர்ட்டையும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோக வேண்டும். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர், பல் எடுக்கிறோம் என்று தானாக அதை நிறுத்தக் கூடாது. நிறுத்துவதால் வரும் ஆபத்து, ஈறில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் கசிவதைவிடப் பெரியது. எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ வருஷம் ஒருமுறை, மாதம் ஒருமுறை என்று ஊசி போட்டுக்கொண்டவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த ஊசிகளில் சில வகைகளுக்குப் பிறகு பல் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிய வாய்ப்புண்டு. மருந்துச் சீட்டு தொலைந்திருந்தால், 'எலும்புக்கு ஊசி போட்டிருக்கு' என்று சொன்னால்கூடப் போதும். மிச்சத்தை அவர்கள் விசாரித்துக்கொள்வார்கள்.

இனி கீழ்த்தாடை. கோரைப்பல்லின் வேர்தான் மற்றப் பல்லைவிட நீளம். மற்றவை போன பிறகும் கீழ்க் கோரைப்பல் இரண்டும் தாக்குப்பிடித்து நிற்பதைப் பல வாயில் பார்க்கலாம். அந்த இரண்டில் எலும்புப் பிடிப்பு இருந்தால், எடுக்காமல் வேர் சிகிச்சை செய்து, ஈறு மட்டத்துக்கு மேலே சிறு குமிழ் மாதிரி விட்டுக் குறைத்து, அதன் மேலேயே கீழ்செட்டை உட்கார வைக்கலாம். வேர் உள்ளே இருக்கும்வரை சுற்றியுள்ள எலும்பு அவ்வளவாகக் கரையாது. செட்டும் வழுக்கிக்கொண்டு ஓடாது. கடிக்கும் அழுத்தம் எவ்வளவு என்ற உணர்வுகூட வேர் வழியாகக் கொஞ்சம் மிஞ்சும். இதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள். கேட்காவிட்டால் 'ரெண்டு பல்லை வச்சு என்ன செய்யப் போறீங்க' என்று ஊசி ஏறிவிடும். இதிலும் ஒரு நிபந்தனை உண்டு: மிச்ச வேரைத் தினமும் துலக்க வேண்டும். துலக்காவிட்டால் செட்டுக்கு அடியிலேயே சொத்தையாகி ஒரு வருஷத்தில் கையைவிட்டுப் போகும்.

வேரும் மிஞ்சவில்லை என்றால் அடுத்தது இம்ப்ளாண்ட். கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டே இரண்டு டைட்டானியம் திருகு வைத்து, அதில் பட்டன் மாதிரி கீழ்செட்டை மாட்டும் முறை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-இல் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதல் தேர்வாகச் சொல்ல வேண்டியது இதுதான் என்று அறிக்கை வெளியிட்டார்கள். சாதாரண செட்டைவிடச் செலவு பல மடங்கு. பட்டனுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து, அவ்வப்போது மாற்ற வேண்டிவரும். பீடி, சிகரெட் விடாதவருக்கும் சர்க்கரை ஏறி இறங்குபவருக்கும் தோல்வி வாய்ப்பு கூடுதல். ஆனால் பணம் ஓரிடத்தில் மட்டும் போட முடியும் என்றால், மேலே சாதாரண அக்ரிலிக், கீழே இரண்டு திருகு என்பதுதான் எங்கள் கணக்கு. மேலே விலை உயர்ந்த செட், கீழே சாதாரணம் என்று வாங்குவது காசைக் கடலில் போடுவது.

விலைப்பட்டியலில் வரும் பெயர்களைப் பார்ப்போம். 'சாதாரணம்' என்றால் சூட்டில் இறுகும் அக்ரிலிக். டிபிஐ, ட்ரெவலான் முதலிய பெயர்களில் வரும் தூளும் திரவமும் கலந்து, அச்சில் அழுத்தி, வெந்நீரில் மணிக்கணக்கில் வேகவைத்து எடுப்பது. இது மோசமான பொருள் கிடையாது. 'உடையாத செட்' என்று சொல்வது, ரப்பர் சேர்த்த கூடுதல் வலு அக்ரிலிக். லூசிட்டோன் அந்த வகை. கை தவறி விழுந்தால் தாங்கும் என்பது உண்மை. உடையவே உடையாது என்பது வியாபாரம். 'பிபிஎஸ்' என்பது ஐவோகிளார் கம்பெனியின் முறை. அச்சுக்குள் பிளாஸ்டிக்கை ஊசிபோல ஏற்றுவதால் சுருக்கம் குறைவு, பொருத்தம் நேர்த்தி. ஆனால் கரைந்த எலும்பு கரைந்ததுதான். எந்த நாட்டுச் செட்டாக இருந்தாலும் அது உட்காரும் தரை அதே தரை.

'ஃபிளெக்ஸி' என்ற வளையும் நைலான் செட் சில பல் மட்டும் போனவர்களுக்கு, தற்காலிகமாக, கம்பி தெரியாமல் இருக்க உதவும். முழுச்செட்டை அதில் செய்யச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வளைகிற பொருள் கடிக்கும் அழுத்தத்தை ஒரே இடத்தில் இறக்கி ஈறை அமுக்கும். உடைந்தால் ஒட்டுவதும், ஈறு சுருங்கினால் உள்பக்கம் நிரப்புவதும் கஷ்டம். மேல்செட்டின் நடுவில் ரப்பர் வட்டு வைத்து 'நல்லா ஒட்டும்' என்று யாராவது காட்டினால் எழுந்து வந்துவிடலாம். அந்த வட்டு அண்ணத்தை உறிஞ்சி உறிஞ்சிப் புண்ணாக்கி, ஓட்டையே போட்ட கதைகள் பல் மருத்துவத்தில் பழைய கதைகள்.

மிக மோசமான பண்டம் ஒன்று இருக்கிறது, அது விலைப்பட்டியலிலேயே வராது. ஒரே நாளில் 'ஃபிக்ஸட் பல்' என்று, வாயிலேயே பிளாஸ்டிக் மாவைக் குழைத்துப் பூசி, பக்கத்துப் பல்லில் கம்பி சுற்றி இறுக்கிவிடுவது. கழற்ற முடியாது, அடியில் துலக்கவும் முடியாது. இறுகும்போது ஈறு சுடும், இறுகிய பிறகும் மிச்ச ரசாயனம் கசியும். ஆறு மாதத்தில் நாற்றம், ஒரு வருஷத்தில் கம்பி சுற்றிய நல்ல பல்லும் ஆட்டம். சந்தையிலும் பஸ் ஸ்டாண்ட் ஓரத்திலும் செய்து தரும் இந்த வேலைக்குச் சட்ட இடமில்லை. சட்டப்படி பதிவு பெற்ற பல் மருத்துவர்தான் வாயில் கை வைக்கலாம். பலகையில் பெயருக்குப் பக்கத்தில் பிடிஎஸ் என்றும், தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கும். செட் வேலைக்கென்றே மேற்படிப்பு படித்த எம்டிஎஸ் மருத்துவர் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ கிடைத்தால், கரைந்த தாடைக்காரர்கள் அந்தப் பயணத்தைத் தயங்காமல் போகலாம். பல் எடுப்பு, ஈறு சிகிச்சை இவற்றுக்கு முதலில் எட்டிப்பார்க்க வேண்டிய இடம் அரசு மருத்துவமனையின் பல் பிரிவு. பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர் கண்காணிப்பில் செய்யும் செட் குறைந்த செலவில் முடியும், ஆனால் ஐந்து தடவை போக வேண்டிய இடத்தில் எட்டு தடவை போக வேண்டிவரும்.

நேரக் கணக்கு இந்தக் கரையில் முக்கியம். பல் எடுத்த புண் ஆறி, எலும்பின் மேடு பள்ளம் அடங்க ஆறு வாரம் முதல் மூன்று மாதம் ஆகும். பிறகு செட் முடிய வாரம் ஒன்றாக ஐந்து தடவை. விசைப்படகு வீடுகளில் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போக ஆள் கிடைப்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான். அப்படியென்றால் பல்லைப் பிப்ரவரி முதல் வாரத்தில் எடுத்துவிட்டால், தடைக்காலம் தொடங்கும்போது ஈறு தயாராக இருக்கும்; ஐந்து தடவையும் அதன்பின் வரும் சீர்ப்படுத்தலும் ஜூனுக்குள் அடங்கும். தடைக்காலத்தில் போய்ப் பல்லை எடுத்துவிட்டு, செட் போட வேண்டிய நேரத்தில் எல்லோரும் கடலில் இருப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. நோன்பு மாதத்தில் புதுச்செட் மாட்டுவதையும் தள்ளிப்போடலாம். பகலில் வாய் உலரும். உலர்ந்த வாயில் மேல்செட்டின் பிடிப்புக்கு வேண்டிய எச்சில் படலம் இருக்காது, உரசல் புண்ணும் சீக்கிரம் வரும்.

பல் எடுத்த அன்றே மாட்டும் உடனடிச் செட் உண்டு. கல்யாணம், காரியம் என்று பொக்கை வாயோடு நிற்க முடியாதவர்களுக்குச் சரி. ஆனால் ஈறு சுருங்கச் சுருங்க அது தொளதொளவென்று ஆகும். சில மாதத்தில் உள்பக்கம் புதிதாக நிரப்ப வேண்டும் அல்லது வேறு செட் செய்ய வேண்டும். அந்த இரண்டாவது செலவையும் முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் தடவை அளவு எடுப்பார்கள். அதற்குப் பயன்படும் ஆல்ஜினேட் மாவு பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. மண்டபம் பக்கத்துப் பெண்கள் முங்கி எடுக்கும் கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் அந்த இனம்தான். வாயில் வைத்த மாவு இரண்டு மூன்று நிமிஷத்தில் ரப்பராகும். குமட்டல் வராமலிருக்க நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை லேசாக முன்னால் சாய்த்து, மூக்கால் மூச்சு விட வேண்டும். இங்கே ஒரு தரச் சோதனை இருக்கிறது. ஆல்ஜினேட் அச்சு காற்றில் நீர் இழந்து சுருங்கும். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் அதில் பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டும். ஊற்றாமல் ஈரத்துணியில் சுற்றி பார்சலாக வெளியூர் லேபுக்கு அனுப்பும் இடமாக இருந்தால், செட் பொருந்தாமல் போவதன் விதை அங்கேயே விழுந்துவிட்டது.

இரண்டாம் தடவைதான் உயிர்நாடி. முதல் அச்சின் மேல் உங்களுக்கென்று ஒரு தட்டு செய்து, அதன் ஓரத்தில் பச்சை மெழுகுக் குச்சியை உருக்கி ஒட்டி, உதட்டைக் குவிக்கச் சொல்லி, கன்னத்தை இழுத்து, நாக்கை நீட்டச் சொல்லி, தசை எதுவரை வருகிறது என்று பதிவு செய்வார்கள். பிறகு கிராம்பு எண்ணெய் வாசம் அடிக்கும் பசையால் கடைசி அச்சு. இந்த ஓர வேலைக்கு அரை மணிக்கு மேல் ஆகலாம். இதைத் தாண்டிக் குதித்து, ஆல்ஜினேட் அச்சை வைத்தே செட் முடிக்கும் இடங்கள் உண்டு. விலை குறைவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். 'ஸ்பெஷல் தட்டு வச்சு ரெண்டாவது அளவு எடுப்பீங்களா' என்று ஒரே கேள்வி கேளுங்கள். பதிலிலேயே இடத்தின் தரம் தெரியும். வெற்றிலை பாக்குப் போட்டுப் போட்டு வாய் இறுகி, மூன்று விரல் நுழையாதவர்களுக்கு அந்தத் தட்டையே இரண்டு துண்டாகச் செய்ய வேண்டியிருக்கும். அவர்கள் முதலில் வாய் இறுக்கத்துக்குப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். பாக்கினால் வரும் இந்த இறுக்கம் சிலருக்குப் புற்றாக மாறக்கூடியது.

மூன்றாம் தடவை மெழுகு மேடை வைத்துக் கடியின் உயரம் பார்ப்பார்கள். வாயைச் சும்மா வைத்திருக்கும்போது மேல் கீழ்ப் பல்லுக்கு நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். உயரம் கூடினால் பேசும்போதே பல் டக் டக்கென்று மோதும், தாடை சோர்ந்துவிடும். குறைந்தால் முகம் உள்வாங்கி, வாய் ஓரத்தில் எச்சில் தேங்கி வெடிப்பும் புண்ணும் வரும்.

நாலாவது தடவை மெழுகில் பல் பதித்துக் காட்டுவார்கள். எதை மாற்றச் சொல்வதானாலும் இதுதான் கடைசி வாய்ப்பு. வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும்; வெளிச்சத்தில் நின்று பார்க்க வேண்டும். பல் முத்து மாதிரி வெள்ளையாக இருக்கட்டும் என்று எழுபது வயதில் கேட்பவர்கள் பிறகு வருத்தப்படுகிறார்கள். பேச்சுக்கு ஒரு சோதனை: பஸ் ஸ்டாண்டில் கூவுகிற மாதிரி ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். சாயல்குடி, சிக்கல், சக்கரக்கோட்டை என்று சொல்லும்போது பல் மோதினால் உயரம் தப்பு. வாலிநோக்கம், வேதாளை என்றால் கீழுதடு மேல்பல்லின் நுனியை லேசாகத் தொட வேண்டும். தொண்டி, தங்கச்சிமடம், தேவிபட்டினம் சொல்லும்போது நாக்கு முன்பல்லில் அளவுக்கு மேல் இடித்தால் பல் உள்ளே தள்ளி நிற்கிறது. மெழுகிலேயே நகர்த்தச் சொல்லலாம், கூச்சப்பட வேண்டாம்.

ஐந்தாவது தடவை செட் கைக்கு வரும். அன்றோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் பாதிச் செட்டுகள் பீரோவுக்குள் போகின்றன. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ திரும்பப் போக வேண்டும். உரசிய இடம் சிவந்து காட்டும். அதற்கு நேரான பிளாஸ்டிக்கை ஒரு இழை தேய்த்துவிட்டால் சரியாகும். புண்ணுக்குப் பயந்து நாலு நாள் கழற்றி வைத்துவிட்டுப் போனால் சிவப்பு மறைந்திருக்கும், எங்கே தேய்ப்பது என்று மருத்துவருக்கும் தெரியாது. போவதற்கு முந்தின ராத்திரி கழற்றினாலும், காலையிலிருந்து மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். வீட்டில் உப்புத்தாள், அரம் வைத்துத் தேய்ப்பது கூடவே கூடாது. ஓரப் பிடிப்பு போய்விட்டால் மேல்செட்டின் எட்டு மதிப்பெண்ணும் போயிற்று.

சாப்பாட்டில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நல்ல முழுச்செட்டின் கடிவலு இயற்கைப் பல்லில் நாலில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. முதல் வாரம் கஞ்சி, ஆணத்தில் (குழம்பில்) ஊறிய இடியாப்பம், சுறாப்புட்டு. சுறாப்புட்டு இந்த வேலைக்கென்றே செய்தது மாதிரி: மென்மை, முள் கிடையாது, சத்து உண்டு. காரத்தை மட்டும் குறையுங்கள். உரசல் புண்ணில் முண்டு மிளகாய் பட்டால் செட்டின் மேல் பழி விழும். சின்னத் துண்டாக வைத்து, இரண்டு பக்கக் கடைவாயிலும் ஒரே நேரத்தில் மெல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் தூக்கும். முன்பல்லால் கடித்து இழுத்தால் பின்பக்கம் கழன்று விழும். கொய்யா, பனங்கிழங்கு, நண்டுக்கால் மூன்றையும் முன்பல்லுக்குக் கொடுக்கவே கூடாது. பனங்கிழங்கு ஆசையை விட முடியாதவர்கள் இடித்து மாவாக்கிச் சாப்பிடலாம். கணவாய் பொடியாக நறுக்கினால்தான் போகும். தொதல் அல்வா ஒட்டி இழுக்கும். அதற்குச் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சப்பிச் சாப்பிடுவதே மேல். வெற்றிலைக்குப் பழைய சின்ன உரல் இருக்கவே இருக்கிறது, ஆனால் கறை அக்ரிலிக்கில் ஊறினால் எதைப் போட்டாலும் முழுதாகப் போகாது.

மீன் முள் விஷயத்தைப் பெரிதாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிளினிக்கில் இதை யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. முள்ளைக் கண்டுபிடிப்பது பல் மட்டும் அல்ல. நாக்கும் அண்ணமும் சேர்ந்து உருட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கின்றன. மேல்செட் அண்ணத்தை மூடிவிட்டால் அந்த உணர்வில் பாதி போய்விடும். அறுபது வருஷமாக மத்தியையும் முரலையும் முள் பிரித்துத் தின்ற வாய்தானே என்ற நம்பிக்கையில், முள் நேரே தொண்டைக்குப் போகும். முதல் சில மாதம் வஞ்சிரம், பாறை போன்ற பெருமுள் மீன்தான். அதிலும் கையால் உதிர்த்துப் பார்த்த பிறகுதான் சோற்றில் பிசைய வேண்டும். முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கித் தள்ளப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்று: உடைந்த செட்டின் துண்டை விழுங்கிவிட்டால் எக்ஸ்ரேயில் சாதாரண அக்ரிலிக் தெரியாது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதை வைத்துச் சும்மா இருக்கக் கூடாது. 'செட்டுத் துண்டு உள்ளே போயிருக்கு' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் துணைப் பொருள்களில் ஒட்டும் பவுடருக்கும் பசைக்கும் பத்துக்கு ஆறு. ஃபிக்ஸான் போன்றவை மருந்துக்கடையில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். பவுடர் என்றால் செட்டைக் கழுவி, ஈரத்தோடு மெல்லியதாகத் தூவி, கூடுதலைத் தட்டிவிட வேண்டும். பசை என்றால் மூன்று இடத்தில் பட்டாணி அளவுக்கும் குறைவாக. வழிந்து வெளியே வந்தால் அளவு அதிகம். நன்றாகப் பொருந்தும் செட்டுக்கு இது கூடுதல் தைரியம். பொருந்தாத செட்டுக்கு இது ஏமாற்று. நாளுக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் உள்பக்கம் நிரப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. துத்தநாகம் கலந்த பசையைப் பல வருஷம் அள்ளி அள்ளிப் பூசியவர்களுக்கு உடலில் செம்பு குறைந்து, கால் மரத்து, நடை தள்ளாடிய நிகழ்வுகளுக்குப் பிறகுதான் 2010-இல் வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்று தன் பசையிலிருந்து துத்தநாகத்தை எடுத்தது. அட்டையைப் படித்து, துத்தநாகம் இல்லாததாக வாங்குங்கள்.

சுத்தம் செய்யும் மாத்திரை, பவுடர் (கிளின்சோடென்ட் மாதிரி) பத்துக்கு ஏழு. ஊற வைத்தால் மட்டும் போதாது, மென்மையான பிரஷால் தேய்க்கவும் வேண்டும். பற்பசை வேண்டாம், அதிலுள்ள பொடி அக்ரிலிக்கைக் கீறும், கீறலில் அழுக்கும் பூஞ்சையும் குடியேறும். சாதாரணக் குளியல் சோப்பே போதும். அடியில் தண்ணீர் நிறைந்த வாளியோ விரித்த துண்டோ வைத்துக்கொண்டு கழுவினால், கை நழுவினாலும் உடையாது. வெந்நீர் கூடாது, நெளிந்துவிடும். ராத்திரி செட்டைக் கழற்றியே தூங்க வேண்டும். ஈறுக்கு ஓய்வு இல்லாவிட்டால் அண்ணம் செக்கச் சிவந்து பூஞ்சை பிடிக்கும். கழற்றிய செட் காயக் கூடாது, மூடும் டப்பாவில் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் காவிரித் தண்ணீராகவோ கேன் தண்ணீராகவோ இருக்கட்டும். இந்தக் கரையில் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பும் கடினமும். தினமும் அதில் ஊறினால் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு ஏறும். ஏறிவிட்டால் சமையல் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊறவைத்துத் தேய்த்தால் இளகும். கத்தியால் சுரண்டாதீர்கள். உலோகக் கம்பி, தகடு உள்ள செட்டை ப்ளீச்சில் போடக் கூடாது, கறுத்துப்போகும்.

மணலில் காயவைத்த கருவாடு தின்பவர்கள் சாப்பிட்டு முடித்ததும் செட்டைக் கழற்றி அலச வேண்டும். ஒரு பொடி மணல் அடியில் மாட்டினாலும் மாலைக்குள் ஈறில் புண். அப்படி வரும் புண் செட்டைக் கழற்றி வைத்த சில நாளில் ஆற வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வலிக்காவிட்டாலும், செட்டால் வந்ததென்று விட்டுவிடக் கூடாது. சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். புகையிலை போடும் வாயென்றால் ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம்.

கடலுக்குப் போகிறவர் படகின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுக்கும் முன்னால் செட்டைக் கழற்றி மடியில் முடிந்துகொள்வது நல்லது. கடலில் விழுந்த செட் திரும்பக் கிடைக்காது. செட் செய்யும்போதே உள்பக்கம் பெயரின் முதலெழுத்தும் ஊரும் பதித்துத் தரச் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் படுக்கும்போது செட் மாறிப்போகாமலிருக்க இது உதவும்.

ஐந்து முதல் ஏழு வருஷம் ஒரு செட்டின் ஆயுள். அதற்குள் மேல்செட் நடுவில் நேர்கோடாகப் பிளந்தால், அது விழுந்து உடைந்ததாக இருக்காது. ஈறு சுருங்கியதால் நடு அண்ணத்தில் மோதி, ஒவ்வொரு கடிக்கும் வளைந்து வளைந்து விட்டுப்போனது. ஒட்டினால் மறுபடி பிளக்கும், உள்பக்கமும் நிரப்பினால்தான் நிற்கும். வீட்டில் ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிட்டால் துண்டுகள் நூலிழை விலகி இறுகிவிடும், பிறகு லேபில் நேராகச் சேர்க்க முடியாது. எல்லாத் துண்டையும், பொடியாக இருந்தாலும், ஈரப்பஞ்சில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள். கூடவே உடையாத மறுசெட்டையும். கடி பொருந்துகிறதா என்று அது இல்லாமல் பார்க்க முடியாது.